பலாலியில் இறங்கி வன்னியைப் பார்க்க: வாடகை வாகனம் எடுப்போருக்கான முழுமையான வழிகாட்டி

பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறந்துவைக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய பிறகு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னிக்கு வருவோர், கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி ஒரு முழுப் பகலை வீதியில் கழிக்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிட்டது. வடகரையை ஒட்டிய இந்தச் சிறிய நிலையத்திலிருந்து ஆனையிறவைத் தாண்டி வன்னிப் பெருநிலத்துக்குள் நுழைய இரண்டு மணித்தியாலம் போதும். கிளிநொச்சியில் வாழும் நான், தமிழ்நாட்டிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் வரும் உறவினருக்காகவும் நண்பர்களுக்காகவும் பலமுறை வாகனம் ஒழுங்கு செய்து கொடுத்திருக்கிறேன். சிலமுறை நானே ஓட்டியும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டவற்றை ஒழுங்காக எழுதிவைப்பது பயனுடையது என்று கருதி இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வன்னிப் பயணத்தைத் திட்டமிடும்போது கிலோமீற்றரைப் பார்ப்பதற்கு முன்பாக, கையில் எத்தனை மணித்தியால வெளிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். காலை ஆறு மணியளவில் விடிந்து மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னி ஊடாகக் கண்டிக்குப் போகும் ஏ9 பெருவீதியை விட்டு விலகிய பிறகு தெருவிளக்கு இல்லாத நீண்ட பகுதிகள் வரும். அங்கே மாடும் யானையும் பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரமும் ஒரே வீதியைப் பயன்படுத்துகின்றன. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும், எந்த வாகனம், யார் ஓட்டுவது, எந்த வழி என்பவை உட்பட, இந்தக் கணக்கைச் சார்ந்தே அமையும்.

முதலாவது படி: நீங்களே ஓட்டுவதா, சாரதியோடு எடுப்பதா

இலங்கையில் வாகனம் இடப்பக்கமாக ஓடும். தமிழ்நாட்டிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வருவோருக்கு அது பழக்கமானது. கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து வருவோர் கையும் கண்ணும் மாறிப் பழக ஓரிரு நாளாவது ஆகும். ஏ9 வீதியில் கொழும்புப் பேருந்துகள் முந்திச் செல்லும் வேகத்தை முதன்முதலாகப் பார்க்கும் ஒருவர், அதே வேளையில் இடம் வலம் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தால், பயணத்தின் சுகம் போய்விடும்.

முதல்தடவை வருவோருக்கு என் அறிவுரை சாரதியோடு எடுப்பதுதான். அந்தச் சாரதி கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்தைச் சேர்ந்தவராகவோ அல்லது அந்த வீதிகளில் வழக்கமாக ஓடுபவராகவோ இருப்பது முக்கியம். எந்த ஒழுங்கையில் போன மாரியில் மண் அரித்துப்போனது, எந்தக் குளக்கட்டில் காரைக் கொண்டுபோகலாம், எந்தக் கடையில் மத்தியானச் சோறு நம்பிச் சாப்பிடலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் அந்த நிலத்தின் கதையும் அவரிடமிருந்து வரும். நீங்கள் பார்க்க வந்திருக்கும் பல இடங்களில் அவர் வாழ்ந்திருப்பார்.

சாரதியோடு எடுத்தால் அவருடைய சாப்பாடு, இரவு தங்குமிடம், நாட்கூலி ஆகியவற்றை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். தங்குமிடம் பதிவு செய்யும்போது சாரதிக்கு அறை உண்டா என்று கேளுங்கள். நாள் முழுக்க ஓட்டியவர் வாகனத்துக்குள்ளேயே படுத்தெழும்பினால், அடுத்த நாள் உங்கள் உயிரும் அவருடைய தூக்கக் கலக்கத்தில்தான் தொங்கும்.

இங்கே வளர்ந்தவர்களும், ஊர் வீதிகளில் ஓட்டிப் பழகியவர்களும், நின்று நிதானித்துப் பார்க்க விரும்புபவர்களும் தாங்களே ஓட்டலாம். அவர்களுக்கு அடுத்த படி இன்றியமையாதது.

இரண்டாவது படி: அனுமதிப்பத்திரத்தை வருமுன்பே சரிசெய்தல்

வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட்ட முடியாது. சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருந்தாலும், அதற்குக் கொழும்பிலுள்ள இலங்கை ஓட்டோமொபைல் அசோசியேஷனின் உள்ளூர் அங்கீகாரம் பெற வேண்டும். அல்லது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். 2025 ஓகஸ்டில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்கு இத்தகைய தற்காலிகப் பத்திரம் வழங்கும் முகப்பொன்று திறக்கப்பட்டது. ஆனால் பலாலிக்கு நேரே வருபவருக்கு அந்த வசதி வழியில் இல்லை. ஆகவே வாகனம் தருபவரிடம், இந்த அங்கீகாரத்தை உங்கள் சார்பில் முன்கூட்டியே எடுத்துவைக்க முடியுமா என்று பயணத்துக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே கேளுங்கள். தேவையான பிரதிகளை அனுப்பினால் இதைச் செய்துகொடுக்கும் இடங்கள் உண்டு.

“ஒருவரும் பார்க்கமாட்டார்கள், ஓடுங்கோ” என்று யாராவது சொன்னால் அவரிடம் வாகனம் எடுக்க வேண்டாம். வீதிச் சோதனையில் பொலிசார் பார்ப்பது ஒருபுறம் இருக்க, செல்லுபடியாகும் பத்திரம் இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. ஒரு மாட்டில் மோதினாலும் முழுச் செலவும் உங்கள் தலையில் விழும்.

மூன்றாவது படி: வாகனத்தைத் தெரிவுசெய்து ஒப்பந்தம் பேசுதல்

பெரிய விமான நிலையங்களில் வரிசையாக இருக்கும் வாடகைக் கார் முகப்புகளைப் பலாலியில் எதிர்பார்க்க வேண்டாம். யாழ்ப்பாண நகரில் இயங்கும் வாடகை நிலையங்களோடு தொலைபேசியிலோ வட்ஸ்அப்பிலோ பேசி, வாகனத்தை நிலையத்துக்குக் கொண்டுவரச் செய்வதே நடைமுறை. விமான நிலையத்தைச் சுற்றிப் படை முகாம் இருப்பதால், வாகனம் எந்த இடம் வரை வர அனுமதிக்கப்படும், நீங்கள் எங்கே நின்று ஏறுவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாகன வகையை உங்கள் வழி தீர்மானிக்கட்டும். ஏ9 வீதியில் கிளிநொச்சி, வவுனியா என்று தார் வீதியிலேயே போய் வருவதானால் சிறிய கார் தாராளமாகப் போதும். சுண்டிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் உட்பகுதிகள் என்று போக நினைப்பவர் நிலத்திலிருந்து சற்று உயர்ந்த வாகனத்தைக் கேட்க வேண்டும். கிரவல் வீதியில் தாழ்ந்த கார் ஒவ்வொரு பள்ளத்திலும் வயிற்றை இடித்துக்கொள்ளும். ஐந்து பேருக்கு மேல் இருந்தால் வான் எடுங்கள். ஒரு காருக்குள் நெருக்கிக்கொண்டு வெயிலில் போவது பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுமை.

விலையைப் பேசும்போது நாள் வாடகையை மட்டும் கேட்டு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்த வாடகைக்குள் நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் அடங்கும், மேலதிகமாக ஓடினால் கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஏறத்தாழ 50. அங்கிருந்து யாழ்ப்பாணம் திரும்ப நூறுக்குக் கிட்ட. ஒரே நாளில் இந்தச் சுற்றை முடித்தால் 250 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். நாளுக்கு 100 கிலோமீற்றர் என்ற எல்லையோடு குறைந்த வாடகைக்கு எடுத்தவர், இந்த ஒரு நாளிலேயே மிச்சம் பிடித்ததையெல்லாம் இழந்துவிடுவார்.

காப்புறுதியைப் பற்றி இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்யப்பட்ட வாகனத்தை வாடகைக்கு விட்டால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். தெரிந்தவருடைய கார் என்று மலிவாகக் கிடைப்பவற்றில் இந்த ஆபத்து அதிகம். காப்புறுதி அட்டையில் வாடகைப் பாவனை குறிப்பிடப்பட்டிருக்கிறதா, விபத்து நேர்ந்தால் முதல் எவ்வளவு தொகையை நீங்கள் ஏற்க வேண்டும், கண்ணாடியும் ரயரும் அதற்குள் அடங்குமா, கிரவல் வீதியில் ஓட்ட ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வியைச் சிலர் விசித்திரமாகப் பார்ப்பார்கள். வன்னிக்குள் போகிறவருக்கு அது மிகப் பொருத்தமான கேள்வி.

முற்பணமும் வைப்புப் பணமும் வெவ்வேறு. பற்றுச்சீட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதச் செய்யுங்கள். கடவுச்சீட்டை ஈடாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம், பிரதியைக் கொடுங்கள்.

நான்காவது படி: வாகனத்தைக் கையேற்றல்

இந்தப் படிக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். விமானத்திலிருந்து இறங்கிய களைப்பில், உறவினர் காத்திருக்கும் அவசரத்தில், திறப்பை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவதே மனித இயல்பு. அந்த அவசரத்துக்கு நான் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மச்சான் குடும்பத்தோடு வந்தபோது, வாடகைக்கு எடுத்த கார் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காற்றுப் போய் நின்றது. மாலை ஐந்தரை மணி. பின்பெட்டியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினால் மாற்றுச் சில்லு இருந்தது; அதன் ரயர் உள்ளங்கைபோல வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. ஜக் இருந்தது, அதைச் சுழற்றும் கம்பி இல்லை. சில்லைக் கழற்றும் சாவி வேறு அளவு. இருபுறமும் காடு, காருக்குள் இரண்டு சின்னப் பிள்ளைகள். லான்ட்மாஸ்ரர் என்ற சிறிய உழவு இயந்திரத்தில் நெல் மூடை ஏற்றி வந்த ஒரு ஐயா நிறுத்தி, தன் பெட்டியிலிருந்த சாவியைத் தந்து, “தம்பி, பிள்ளையளைக் காருக்கை ஏத்தி வையுங்கோ, இந்த நேரம் யானை கடக்கிற இடம்” என்று சொல்லிவிட்டு, நாங்கள் புறப்படும்வரை தன் விளக்கைப் போட்டபடி நின்றார். அவர் நிறுத்தியிராவிட்டால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று நினைக்க இப்போதும் மனம் பதறுகிறது. வாகனம் தந்தவரில் குற்றம் இருந்தது; பார்க்காமல் எடுத்த என்னிலும் இருந்தது.

ஆகவே முதலில் பின்பெட்டியைத் திறவுங்கள். மாற்றுச் சில்லில் காற்று இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பாருங்கள். ஜக்கை வெளியே எடுத்து, கம்பி பொருந்துகிறதா என்று சுழற்றிப் பாருங்கள். சில்லுச் சாவியை ஓடும் சில்லின் நட்டில் வைத்து, அளவு சரிதானா என்று பாருங்கள். பிறகு நான்கு ரயர்களின் வெட்டுகளுக்குள்ளும் ஒரு நாணயத்தை நிறுத்திப் பாருங்கள். நாணயத்தின் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை என்றால் அந்த ரயர் மழை வீதிக்கு உதவாது. பக்கச் சுவரில் வெடிப்பு, வீக்கம் இருந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து விளக்குகள். நெடுவிளக்கு, தாழ்விளக்கு, பிரேக் விளக்கு, சமிக்ஞை விளக்கு எல்லாவற்றையும் ஒருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் செய்யுங்கள். ஹோர்ன் வேலை செய்ய வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வருபவர் வைப்பரைத் தண்ணீர் அடித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இறப்பர் காய்ந்திருந்தால் கண்ணாடியில் கோடு விழும்.

கீறல், நெளிவு எல்லாவற்றையும் வாகனத்தைச் சுற்றி நடந்து வீடியோ எடுங்கள். முன் பம்பரின் அடிப்பகுதியைக் குனிந்து எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பிணக்கு வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஓடிய தூரம் காட்டும் எண்ணையும் எரிபொருள் முள்ளையும் ஒரே படத்தில் எடுத்து, தந்தவருக்கே அங்கேயே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இதையெல்லாம் விமான நிலைய வாசலில் செய்ய வேண்டாம். பாதுகாப்பு வலயத்துக்குள் கமராவைத் தூக்கினால் வீண் விசாரணை வரும். வெளியே வந்து, வீதியோரமாக நிறுத்திச் செய்யுங்கள்.

வாகனத்துக்குள் இருக்க வேண்டிய பத்திரங்கள் மூன்று: நடப்பாண்டு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ். திகதிகளைப் பாருங்கள்.

ஐந்தாவது படி: வழியைத் தெரிவுசெய்தல்

விமானம் பிற்பகலில் வந்திறங்கினால் அன்று வன்னிக்குள் போக வேண்டாம். யாழ்ப்பாணத்தில் தங்கி, விடிய ஐந்தரைக்குப் புறப்படுங்கள். காலையில் இறங்கினால் நேரே போகலாம். போவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு.

முதலாவது ஏ9. நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை கடந்து ஆனையிறவுக்கு வருகிறது. முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அபாயத்தை அறிவிக்கும் மண்டையோட்டுப் பலகைகள் தென்பட்டால், இயற்கை உபாதைக்காகக்கூட வீதியை விட்டு இறங்க வேண்டாம். ஆனையிறவில் இருபுறமும் நீரும் உப்பளமும் விரியும். வன்னிக்குள் நுழைவதை உடலே உணரும் இடம் அது. பரந்தன், கரடிப்போக்கு, கிளிநொச்சி என்று போனால் இரணைமடுச் சந்தி வரும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளம் வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். காலை வெயில் ஏறுமுன் குளக்கட்டில் நிற்பது நல்லது. மத்தியானத்தில் கண் கூசும்.

இன்னும் தெற்கே முறிகண்டிப் பிள்ளையார் கோவில். ஏ9 வீதியில் ஓடும் சாரதிகளில் பெரும்பாலோர் இங்கே நிறுத்தாமல் போவதில்லை. இறங்கி, முகம் கழுவி, ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, திருநீறு பூசிக்கொண்டு, பக்கத்துக் கடையில் கச்சான் (வேர்க்கடலை) வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். சட்டியில் சூடான மணலுக்குள் கச்சான் புரளும் சத்தமும், கடதாசிச் சுருளின் சூடு கைக்குள் ஏறுவதும் இந்த வீதியில் ஓடிய எவருக்கும் மறக்காது. ஓட்டுபவரும் பத்து நிமிடம் இறங்கிக் கால் நீட்டிக்கொள்கிறார்; இந்த வழக்கத்தை நம்பிக்கை இல்லாதவரும் கடைப்பிடிக்கலாம்.

இரண்டாவது வாசல் சங்குப்பிட்டி. நாவற்குழியில் வலப்பக்கம் திரும்பி, தென்மராட்சியின் மேற்கோரமாகக் கேரதீவு வந்து, 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தால் கடல்நீரேரியைக் கடந்து பூநகரிக்குள் இறங்கும் ஏ32 வீதி. வாகன நெரிசல் குறைவு. பாலத்தின் மேல் காற்று பலமாக அடிக்கும். பூநகரியில் பழைய கோட்டையின் சிதைவும் பனங்கூடல்களும் வயல்களும் உண்டு. மன்னாருக்குப் போவதானால் இந்த வழியே சிறந்தது. ஆனால் பூநகரிக்கு அப்பால் எரிபொருள் நிலையங்களும் கடைகளும் அருமை. யாழ்ப்பாணத்திலேயே தாங்கியை நிரப்பி, குடிநீரும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

முல்லைத்தீவுச் சுற்றை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். வன்னியை அறிய அதற்கு நிகரான நாள் இல்லை. பரந்தனில் இடப்பக்கம் ஏ35 வீதியில் திரும்பினால் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வரும். அதற்கப்பால் முள்ளிவாய்க்கால். 2009இல் போரின் கடைசி நாட்கள் கழிந்த நிலம் இது. இங்கே வருபவர் வாகனத்தைத் தள்ளி நிறுத்தி, பாட்டை அணைத்து, சற்று நேரம் அமைதியாக நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அருகில் இருக்கும் வீடுகளில் இருப்போர் அந்த நாட்களைக் கடந்து வந்தவர்கள். அவர்களைக் கேளாமல் படம் எடுக்க வேண்டாம். அவர்கள் பேச விரும்பினால் மட்டும் கேளுங்கள். மே 18ஐ ஒட்டிய நாட்களில் நினைவேந்தலுக்கு வரும் மக்களாலும் சோதனைகளாலும் பயணம் தாமதப்படும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அடுத்து நந்திக்கடலின் முகத்தருகே வட்டுவாகல் பாலம். பழைய பாலம் ஒடுங்கியது, தாழ்ந்தது. எதிரே வாகனம் வந்தால் பொறுத்து நின்று போக வேண்டும், மாரி வெள்ளத்தில் நீர் மேவிப் பாயும். புறப்படுமுன் புதுக்குடியிருப்பில் விசாரித்து, வழி அடைபட்டிருந்தால் ஒட்டுசுட்டான் பக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். பாலம் கடந்ததும் முல்லைத்தீவு நகரும் கடற்கரையும். கடற்கரையில் கரைவலை இழுக்கும் காலையாக இருந்தால் நின்று பாருங்கள். குளிக்க இறங்குமுன் அங்குள்ள கடற்றொழிலாளரைக் கேளுங்கள். நந்திக்கடலோரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலன்று வன்னி முழுவதும் அங்கே திரளும் என்பதால் அன்று வாகனத்தை வெகுதூரத்தில் நிறுத்த வேண்டிவரும்.

திரும்பும்போது ஏ34 வீதியில் முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று வாருங்கள். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோவில். அருகே கற்சிலைமடுவில், 1803இல் வெள்ளையர் படையிடம் தோல்வியுற்ற பண்டாரவன்னியனின் நினைவுக்கல் நின்ற இடம். இந்தக் காட்டுப் பகுதியை மாலை ஐந்து மணிக்கு முன் கடந்துவிட வேண்டும். அதற்கு முல்லைத்தீவிலிருந்து மூன்றரைக்காவது புறப்பட வேண்டும். கடற்கரையில் இன்னும் கொஞ்ச நேரம் என்று பிள்ளைகள் கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மன்னாருக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், பள்ளிமுனையின் பெருக்க மரம், போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை, தலைமன்னார் இறங்குதுறை ஆகியவற்றை ஒரு நாளில் பார்க்கலாம். மாரிக்குப் பிந்திய மாதங்களில் வங்காலைச் சரணாலயத்தில் வலசைப் பறவைகளைக் காணலாம். மடுமாதா ஆலயத்துக்குக் காட்டு வீதியால் உள்ளே போக வேண்டும். ஆடி 2, ஆவணி 15 என்று ஊரில் சொல்லும் ஜூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்களின்போது அந்த வீதி முழுக்க யாத்திரிகர்கள். மன்னார் நகரில் கழுதைகள் வீதியில் நடமாடும். ஹோர்ன் அடித்தாலும் அசையா.

ஆறாவது படி: வீதியில் ஓட்டும்போது

கார்களுக்குக் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பதே வேக எல்லை. ஏ9 வீதி நேராகவும் சீராகவும் இருப்பதால் கால் தானாக அழுத்தும். பொலிசார் வேகமானியோடு மரநிழலில் நிற்பது வழக்கம்.

இரவில் மாடுகள் தார் வீதியில் வந்து படுக்கும். பகல் வெயிலில் சூடேறிய தார் இரவிலும் இளஞ்சூடாக இருப்பதும், நுளம்புக்கடி அங்கே குறைவாக இருப்பதும் அதற்குக் காரணம் என்று மாடு வளர்ப்போர் சொல்வார்கள். கறுத்த மாடு கறுத்த வீதியில் கிடந்தால் விளக்கொளி மிகக் கிட்டப் போன பிறகே அதைக் காட்டும். இருட்டிய பிறகு ஓடியே ஆக வேண்டும் என்றால் 40க்கு மேல் போகாதீர்கள்.

யானை நின்றால், தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்கவோ நெடுவிளக்கைப் போடவோ வேண்டாம். இயந்திரத்தை ஓடவிட்டபடியே பின்னால் நகர இடம் வைத்துக்கொண்டு காத்திருங்கள். அது தன் வழியில் போய்விடும். படம் எடுக்கக் காரை விட்டு இறங்குபவரைப் பார்த்தால் கடிந்து சொல்லி ஏற்றுங்கள்.

மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்து, வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். ஓரத்தில் கல்லோ கட்டையோ வைத்து எல்லை போட்டிருப்பார்கள். சில்லை அதன்மேல் ஏற்ற வேண்டாம். அந்தக் குடும்பத்தின் ஒரு பருவ உழைப்பு அது.

புகையிரதப் பாதை பல இடங்களில் ஏ9 வீதிக்குச் சமாந்தரமாகவே போகிறது. உள்வீதிக்குத் திரும்பும்போது கதவில்லாத கடவைகள் குறுக்கிடும். நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், இருபக்கமும் பாருங்கள், பிறகு கடவுங்கள். வாகனத்தை ஏ9 வீதியிலிருந்து திருப்பியவுடனேயே தண்டவாளம் வந்துவிடும் இடங்களும் உண்டு.

தொலைபேசி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பகுதிகளில் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அந்த வரைபடம் குளக்கட்டுகளையும் வயல் வரம்புப் பாதைகளையும் வீதி என்று காட்டுவதுண்டு. சந்தேகம் வந்தால் சந்திக் கடையில் கேளுங்கள். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றால் அது பழைய மைல்கல் கணக்கில் ஒரு சந்தியின் பெயர். கட்டை என்ற சொல்லைக் கேட்டு 155 மைல் போக வேண்டுமென்று திகைக்க வேண்டாம்.

ஏழாவது படி: மாரியில் வருவோருக்கு

ஐப்பசி முதல் மார்கழி வரை வன்னிக்கு மழை. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் இரணைமடு நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை நாங்கள் மறக்கவில்லை. இந்தக் காலத்தில் வாகனம் எடுப்பவர், வெள்ளத்தால் வீதி அடைபட்டுத் திரும்பக் கொடுக்கத் தாமதமானால் மேலதிக நாளுக்கு என்ன கணக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். வீதியின் மேல் நீர் பாய்ந்தால், முன்னே ஒரு பேருந்து கடந்ததைப் பார்த்துக் காரை இறக்க வேண்டாம். பேருந்தின் உயரம் வேறு. நீருக்குள் இயந்திரம் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலாமல் தள்ளி வெளியேற்றுங்கள். இயக்கினால் நீர் உள்ளே இழுபட்டு இயந்திரமே பழுதாகும்.

விபத்து நேர்ந்தால்

காயம் இருந்தால் முதலில் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண், பிறகு 119 பொலிஸ். வாகனத்தை நகர்த்துமுன் படம் எடுங்கள். காப்புறுதி அட்டையில் உள்ள எண்ணுக்கு அந்த இடத்திலிருந்தே அழைத்து, அவர்களின் மதிப்பீட்டாளர் வரும்வரை நில்லுங்கள். விட்டுவிட்டுப் போனால் இழப்பீடு சிக்கலாகும். வாடகைக்குத் தந்தவருக்கும் உடனே அறிவியுங்கள். மாட்டிலோ ஆட்டிலோ மோதினால் உரிமையாளர் வருவார், ஊர் கூடும். நில்லுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், பொலிசாரை வைத்தே தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கறவை மாடு இங்கே ஒரு வீட்டின் மாத வருமானம்.

கடைசிப் படி: திருப்பிக் கொடுத்தல்

புறப்படும் நாளன்று காலையில் வன்னியிலிருந்து ஓடிப்போய் விமானம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முதல்நாள் மாலையே யாழ்ப்பாணம் வந்துவிடுங்கள். வரும் வழியில் வாகனத்தைக் கழுவிவிடுங்கள். வன்னியின் செம்மண் ஒட்டிய காரில் பழைய கீறலும் புதுக் கீறலும் வேறுபடாது, கழுவிய பிறகு தெரியும் கீறலை உங்கள் கணக்கில் போடுவது எளிது. நீங்கள் நின்று கழுவித்து, மீண்டும் சுற்றி வந்து வீடியோ எடுத்துக்கொண்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எரிபொருளை எடுத்த அளவுக்கு நிரப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கையளிப்பைப் பகல் வெளிச்சத்தில், தந்தவர் முன்னிலையில் செய்யுங்கள். தூரத்தைக் கணக்கிட்டு, பிணக்கில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, வைப்புப் பணத்தை எண்ணி எடுத்த பிறகே திறப்பைக் கொடுங்கள். இருக்கைக்கு அடியில் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் செருப்பும், முறிகண்டியில் வாங்கிய கச்சானில் மிச்சமும் அங்கேதான் கிடக்கும்.